காய்ச்சலுக்கு வேன் வரும்

“அண்ணாச்சி, நான் ஐந்தருவிக்குக் குளிக்க வந்திருக்கேன். அஞ்சு நாள் லீவு.”

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டாள் தங்கபுஷ்பம்.

சூப்பர்வைசர் மகாராஜாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. தென்காசியில் அந்த நைட்டி கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து, பதினோரு வருஷமாக ஒரு நாள்கூட லீவு போடாதவள் அவள். இன்னும் மூன்றே நாளில் சுதந்திர தினம். இந்தத் தடவை கொடியை அவள்தான் ஏற்ற வேண்டும் என்று முதலாளி அப்துல் ஜப்பார் சொல்லியிருந்தார். அவளும் அதற்கென்றே ஒரு சேலை எடுத்துவைத்து, தெருவெல்லாம் சொல்லிவிட்டிருந்தாள்.

“சாரல் விழுந்தா புத்தியும் நனைஞ்சு போவுமா? இவளைப் போயி தலைல தூக்கி வச்சோமே,” என்று புலம்பினார் மகாராஜா.

அதற்குள் அடுத்த போன். கடையத்திலிருந்து ஒரு பெண். காய்ச்சலாம்.

“காய்ச்சல்லாம் ஒரு சீக்காம்மா? வேன் அனுப்புதேன், கெளம்பி வா. மாத்திரை எங்கிட்ட இருக்கு.”

அதுதான் மகாராஜா. யார் படுத்தாலும் வாசலுக்கே வேன் போய்விடும். மாத்திரையை விழுங்க வைத்து மிஷினில் உட்கார்த்திவிடுவார். தானும் அப்படித்தான், காய்ச்சலோடு வந்து நிற்பார். அதில் அவருக்கு மகா பெருமை.

மத்தியானம் கோபம் தாங்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு இலத்தூரில் அவள் வீட்டுக்கே போய்விட்டார். தங்கபுஷ்பத்தின் வீட்டுக்காரரிடம் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

கதவு திறந்திருந்தது. உள்ளே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தங்கபுஷ்பமே படுத்திருந்தாள்.

“உள்ள வராதிய அண்ணாச்சி, அங்கனயே நில்லுங்க. ஃப்ளூவாம். ராத்திரியில இருந்து அனலாக் கொதிக்கி.”

“அப்போ ஐந்தருவி?”

“காய்ச்சல்னு சொன்னா வேன் வந்திரும்லா. அருவிக்கு வராதுல்லா.”

மகாராஜா வாசலிலேயே நின்றார்.

“கொடியேத்துத வாய்ப்பு போச்சேம்மா. மூஞ்சியத் துணியால கட்டிக்கிட்டு ஒரு ஓரமா உக்காந்திருக்கலாமே.”

“போன மாசம் நீங்க காய்ச்சலோட வந்து ஓரமாத்தான் இருந்திய. நாலு பேரு படுத்தாங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அதை விடுங்க. என் பக்கத்து மிஷின் அஃப்ரின் இன்னைக்கு வந்திருக்காளா?”

“வந்திருக்கா.”

“இருமுதாளா?”

“இல்லையே. நல்லாத்தான் தைக்கா.”

“அவளுக்கு இது ஏழாம் மாசம் அண்ணாச்சி. கல்யாணமாகி ஒம்பது வருசம் கழிச்சுத் தங்குன பிள்ளை.”

தங்கபுஷ்பம் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. முகத்தில் மட்டும் அப்படி ஒரு கர்வம்.

“பதினோரு வருசம் வந்ததுக்கு எல்லாரும் கை தட்டுனீங்க. இன்னைக்கு வராம இருந்ததுக்கு, எனக்கு நானே தட்டிக்கிடுதேன்.”