மஞ்ச டப்பா

"தர மாட்டேன்னா தர மாட்டேன். எத்தனை தடவை சொல்றது?"

மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் ஜெஸ்ஸி இப்படி வெடுக்கென்று சொன்னதும், சந்திரம்மாவுக்குச் சுரீரென்று கோபம் ஏறியது.

"வச்சிகினே தர மாட்டேன்னா இன்னா அர்த்தம்? அதோ கீது பாரு, மஞ்ச டப்பா! எங்க தெருப் பொண்ணுங்க எல்லாம் அத்தத்தான் பூசிகினு கீதுங்க. ஞாயித்துக்கெழம என் பொண்ணப் பாக்க வராங்க. மூஞ்சி பூரா பரு. எடு சீக்கிரம்!"

"அது ஸ்டீராய்டு க்ரீம்மா. பத்து நாள் மூஞ்சி பளபளக்கும். அப்பால நிறுத்தினா பரு ரெண்டு பங்காக் கெளம்பும். தோலு வெந்துடும். டாக்டர் சீட்டு இல்லாம தர மாட்டேன்."

"உன் மூஞ்சியே வெந்த தக்காளியாட்டம் கீது. நீ புத்தி சொல்ல வந்துட்டியா?"

ஜெஸ்ஸி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "இந்த டப்பாதான் இப்படிப் பண்ணிச்சு. இதே கடையில வாங்கினேன்."

சத்தம் கேட்டு முதலாளி பக்தவத்சலம் உள்ளேயிருந்து வந்தார். சிங்கப்பெருமாள் கோயில் பஜாரில் பதினைந்து வருஷமாகக் கடை. வாடிக்கையாளரைச் சாமி என்பார். சாமிக்கு என்ன படைக்கிறோம் என்று மட்டும் பார்க்க மாட்டார்.

"எடுத்துக் குடு ஜெஸ்ஸி."

"மாட்டேன் சார்."

"அப்போ நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. ஆனாலும் கை அலமாரிப் பக்கம் போகவில்லை.

"வரல சார். என் கையால இது போவாது."

பக்தவத்சலமே டப்பாவை எடுத்துச் சந்திரம்மா கையில் வைத்தார். "தைரியமா பூசச் சொல்லும்மா. ஒண்ணும் ஆவாது. நான் இருக்கேன்."

அந்த நேரம் பார்த்து, பள்ளிக்கூடம் விட்டு வந்து சேர்ந்தாள் அவர் மகள் சங்கரி. நெற்றியெல்லாம் பரு. வந்த வேகத்தில் அலமாரியிலிருந்து ஒரு மஞ்ச டப்பாவை எடுத்துக்கொண்டாள்.

"அப்பா, என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இதான் போடறாங்க. நானும்..."

பக்தவத்சலம் பாய்ந்து பிடுங்கினார். "ஐயோ, அதைத் தொடாதேடா கண்ணு! முகமே வீணாப் போயிடும். சாயங்காலமே செங்கல்பட்டு ஸ்கின் டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போறேன்."

சொன்ன பிறகுதான் எதிரே நிற்பவள் ஞாபகம் அவருக்கு வந்தது.

சந்திரம்மா டப்பாவைக் கண்ணாடி மேசைமேல் டொக்கென்று வைத்தாள்.

"அந்த டாக்டரு செங்கல்பட்டுல எங்க கீறாருன்னு சொல்லு நைனா. என் பொண்ணோடதும் மூஞ்சிதான்."