முடிச்சோடு திரும்பிய வடம்

இதை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் பள்ளித் தையலாசிரியை ரொசாரியம்மாள்.

துறைமுக நகர் ஒன்றில் கோயில் தேரின் வடம் நடுவீதியில் அறுந்தது. பொழுது சாய்வதற்குள் தேர் நிலைக்குத் திரும்பியாக வேண்டும்.

எதிர்க் கொட்டகையில் நின்ற மாதா தேர், "அண்ணே, என் வடம் அறுபது முழம் சும்மாதான் கிடக்கிறது" என்றது.

"என் கனத்தை அது தாங்குமா?"

"சென்ற மாதம் தர்காவின் சந்தனக்கூட்டை இழுத்த வடம் அது. வீறாப்பை விட்டுக் கட்டிக்கொள்ளுங்கள்."

அறுந்ததில் மிஞ்சிய நாற்பது முழத்தோடு அதை முடிந்து, மூன்று தெருக்காரர்களும் சேர்ந்து இழுத்தார்கள். தேர் நிலை சேர்ந்தது; இறுகிய முடிச்சுதான் அவிழவில்லை.

"வெட்டினால் இரண்டும் வீண், தங்கச்சி. அப்படியே வைத்துக்கொள்."

"அடுத்த ஆண்டு உங்களுக்கு?"

"கேட்டு வாங்கிக்கொள்கிறேன்."

அறுபது முழம் இரவல் வாங்கிய தேர் திருப்பித் தந்தது, முடிச்சுக்குப் போக, தொண்ணூற்றெட்டு முழம்.