அரை நொடி

அவள் தக்காளியை எறிந்தாள்.

அங்கே அவன் இல்லை. அரை நொடி கழித்துத்தான் வந்தான். அதற்குள் தக்காளி ஆற்றில் விழுந்து, இரண்டு குமிழ் விட்டு மறைந்தது.

"ஸாரி" என்றாள்.

"பரவால்ல" என்றான்.

டிவி திரையில் இரண்டு குட்டிச் சமையல்காரர்கள். தொப்பி வைத்த பூனை, அவள். தொப்பி வைத்த கரடி, அவன். ஆற்றில் மிதக்கும் சமையலறை. நறுக்கி, வேகவைத்து, தட்டு கழுவி, மணி அடிப்பதற்குள் பரிமாறிவிட வேண்டும். ஒரு வருடம் எட்டு மாதமாக இருவரும் விளையாடுகிற விளையாட்டுதான். அவன் தோஹாவில் இருந்தபடி, அவள் திருச்சியில் இருந்தபடி.

ஒரே சோபாவில் உட்கார்ந்து விளையாடுவது இன்றுதான் முதல் முறை.

அந்த முனையில் அவன். இந்த முனையில் அவள். நடுவில் ஒரு தலையணை. அதை யாரும் வைத்ததாக நினைவில்லை.

கல்யாணமாகி இருபத்திரண்டாம் நாள் விமானம் ஏறியவன். ஏறுவதற்கு முந்தின நாள் இந்தக் கன்சோலை வாங்கி வந்து டிவியோடு இணைத்துக் கொடுத்தான். வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. இங்கே மாலை ஆறரைக்கு அவள் ஹெட்செட்டை மாட்டியதும் முதலில் வரும் சொல், "கேக்குதா?" நலமா, சாப்பிட்டாயா எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். பிறகு ஒரு மணி நேரம் கத்தல். அடுப்படியில் அவனுக்கு வெந்நீர் மட்டும்தான் வைக்கத் தெரியும் என்பதைக் கண்டுபிடித்து, விளையாட்டில் அவன் பெயரையே 'வெந்நீர்' என்று மாற்ற வைத்தவள் அவள்.

அவன் விரல் அசைவது கடல் தாண்டி வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும். அவள் திரையில் கரடி எப்போதும் ஓர் அடி பின்தங்கியே ஓடும். அதனால் அவன் நிற்கும் இடத்துக்கு அவள் எறிவதில்லை. வரப்போகும் இடத்துக்கு எறிவாள்.

தப்பியதே இல்லை.

இப்போது கரடி எங்கே தெரிந்ததோ அங்கேயே இருந்தது. அவள் விரல்களுக்கு அதை யார் சொல்வது?

இன்னொரு தக்காளி ஆற்றோடு போனது.

"ஸாரிங்க."

"இருக்கட்டும்."

அவன் வந்து நான்கு நாள். காப்பி கொடுத்தால், "தேங்க்ஸ்" என்கிறான். "ஃபேனைக் கூட்டி வைக்கட்டுமா?" என்று இவள் கேட்கிறாள். நல்ல ஹோட்டலில் வேலை பார்ப்பவர்களைப் போல இருவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடக்கிறார்கள். காதுக்குள் வாய் ஓயாமல் சண்டை போட்டவன் எந்த விமான நிலையத்தில் இறங்கிக்கொண்டான்?

தன்னைப் பற்றி அவனும் இதையேதான் நினைக்கிறானோ.

விடுப்பில் இன்னும் இருபத்தாறு நாள். இப்படியே தீர்ந்துவிட்டால்?

மாமியார் புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. கத்தலாம்.

இருவரும் கத்தவில்லை.

மணி அடித்தது. ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

"என் தப்புதான்" என்றாள்.

"இல்லல்ல. நான்தான் லேட்டா வந்தேன்."

லேட்டாக வரவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அவன் கன்ட்ரோலரைத் தலையணைமேல் வைத்தான். எழுந்தான். படுக்கையறைக்குள் போனான். கதவு சாத்திக்கொண்டது. கட்டில் கிறீச்சிட்டது.

படுத்துவிட்டான்.

அவள் டிவியை அணைக்க ரிமோட்டைத் தேடினாள். திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி முளைத்தது.

'வெந்நீர் உங்களை விளையாட அழைக்கிறார்.'

தோஹாவில் அவன் வைத்திருந்த கன்சோலும் சட்டைகளுக்கு நடுவே பெட்டியில் வந்திருந்தது. கையில் பிடித்தே விளையாடலாம்.

அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஹெட்செட்டை மாட்டினாள்.

"கேக்குதா?"

இரண்டு முறை கேட்டது. முதலில் கதவு வழியாக, மெலிதாக. பிறகு காதுக்குள், பழகிய குரலில்.

"ம். கேக்குது."

ஆறு. மிதக்கும் சமையலறை. பக்கத்து அறைதான் என்றாலும் இணையத்தைச் சுற்றி வந்ததால் கரடி ஓர் அடி பின்தங்கி ஓடியது. அவள் வெற்றிடத்தைப் பார்த்து எறிந்தாள்.

தக்காளி அவன் கையில் போய் உட்கார்ந்தது.

"வெங்காயம். இந்தா, பிடி. அடுப்பப் பாரு, அடுப்பப் பாரு!"

"பாக்குறேன்டி. எனக்கென்ன பத்துக் கையா?"

"இருக்கற ரெண்டு கைய வச்சு என்ன பண்றே?"

"தட்டு கழுவுறேன்ல."

"எப்ப, அடுத்த வெள்ளிக்கிழமையா? டேய் வெந்நீர், தட்டு எங்கடா!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.



அப்புறம் கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. அரை நொடி கழித்து, காதுக்குள் அதே சிரிப்பு.

அதே சிரிப்பு இல்லை. கதவுக்குப் பின்னால் சிரித்தவன் நடுவில் மூச்சு முட்டி, சின்னப் பிள்ளை விக்குவதுபோல் ஒரு சத்தம் எழுப்பினான். கட்டில் குலுங்கும் சத்தமும் சேர்ந்து கேட்டது. ஒரு வருடம் எட்டு மாதத்தில் ஹெட்செட் அதை ஒருமுறைகூடக் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

அவள் ஹெட்செட்டைக் கழற்றித் தலையணைமேல் வைத்தாள்.

"மஞ்சரி? ஏய். கேக்குதா?"

இம்முறை ஒரு தடவைதான் கேட்டது.

அவள் எழுந்து கதவை நோக்கி நடந்தாள்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

டிவியில் சூப் கருகி, அடுப்பு தீப்பிடித்தது. பூனை நின்ற இடத்திலேயே நின்றது.

கரடியும் அசையவில்லை.