மாமனார் சாப்பிடணும்!

"எங்க மாமனாரைச் சாப்பிட விடாம தடுக்க நீங்க யாரு சார்?"

மொட்டைமாடிக் கதவைச் சாத்துவதற்குள் சுந்தரவல்லி குறுக்கே காலை நீட்டினாள். கையில் வாழையிலைத் துண்டு. அதில் சோறு, பருப்பு, இரண்டு உளுந்து வடை.

கதவைப் பிடித்துக்கொண்டு வழிமறித்து நின்றார் செகரட்டரி செம்பியன். அந்த அபிராமபுரம் அடுக்குமாடிக்கு அவர் குடிவந்து ஆறு மாதம், செகரட்டரியாகி ஐந்து மாதம்.

"மேடம், விதி பதினாலு. மொட்டைமாடியில பறவைகளுக்கு உணவு வைக்கக் கூடாது."

"அது பறவை இல்ல சார். எங்க மாமனார்!"

செம்பியனின் தோளுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்த மாமனார் தலையைச் சாய்த்து, "கா" என்றார்.

இன்று அவருக்கு முதல் வருஷத் திதி. காக்கா வாய் வைக்காமல் வீட்டில் ஒருத்தரும் சாப்பிடக் கூடாது. மணி இரண்டாகிவிட்டது. கீழே பதினோரு சொந்தக்காரர்கள் சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சர்க்கரைக்காரரான கணவர் சிதம்பரநாதனுக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது.

"சரி, மாமனார்னே வச்சுக்குவோம்." செம்பியன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "அப்ப அவர் விசிட்டர். கேட்ல நோட்டுல எழுதிட்டுத்தான் மேல வரணும். சின்னப்பையன், இவர் எழுதினாரா?"

சாவிக்கொத்தோடு நின்ற வாட்ச்மேன் சின்னப்பையனுக்கு அறுபது வயது. கட்டடம் எழும்பிய நாளிலிருந்து அங்கேயே இருப்பவர். தொட்டியை அண்ணாந்து பார்த்தார்.

"இல்ல சார். அவரு ஸ்ட்ரெய்ட்டா மேலயே வந்துக்கினாரு."

"பாத்தீங்களா? விதிமீறல்!"

சுந்தரவல்லிக்குச் சுரீரென்றது. கல்யாணமானதிலிருந்து புனேயிலேயே இருந்துவிட்டு, மாமனார் போன பிறகுதான் இந்த ஃபிளாட்டுக்கு வந்தவள் என்றாலும், மனிதரைத் தெரியாதா அவளுக்கு?

"யாரைப் பார்த்து சொல்றீங்க? ஆளே இல்லாத ரோட்டுலகூட சிவப்பு சிக்னலுக்கு நின்னவர் சார் அவர்! அதோட, விசிட்டரும் கிடையாது. பத்திரம் இன்னும் அவர் பேர்லதான் இருக்கு. ஓனர் சார், ஓனர்!"

செம்பியன் தடுமாறினார். மறுபடி பக்கங்கள் புரண்டன.

"ஓனர்னா... விதி இருபத்திரண்டு. உரிமையாளர் மாடியில உணவருந்தலாம். ஆனா எழுத்துமூலமா அனுமதி வாங்கணும்."

அவர் சட்டைப் பையிலிருந்தே பேனாவைப் பிடுங்கி, இலையோடு கொண்டுவந்திருந்த ஊதுபத்தி அட்டையின் பின்பக்கத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். செம்பியன் கையெழுத்துப் போட்டு, கீழே ஒரு வரி சேர்த்தார்: 'உரிமையாளருக்கு மட்டும். உடன் வரும் காக்கைகளுக்குப் பொருந்தாது.'

ஜெயித்த முகத்தோடு சுந்தரவல்லி இலையைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். "கா... கா... வாங்க மாமா!"

மாமனார் இறங்கி வந்தார். இலையை ஒரு சுற்றுச் சுற்றினார். வடையை உற்றுப் பார்த்தார். செம்பியனையும் பார்த்தார். இரண்டடி பின்னால் தத்தி, மறுபடி தொட்டிக்கே பறந்துவிட்டார்.

இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவையும்.

போன் அடித்தது. சிதம்பரநாதன்தான். "வல்லி, அப்பா எடுத்தாரா? எனக்குக் கண்ணை இருட்டிக்கிட்டு வருது."

செம்பியனுக்கே பொறுக்கவில்லை. ஊதுபத்தி அட்டையை உயர்த்திக் காட்டினார். "சார்! அனுமதி குடுத்தாச்சு சார்! தைரியமா சாப்பிடுங்க சார்!"

மாமனார் அசையவில்லை.

சுந்தரவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. "எம்மேல என்ன மாமா கோவம்? நான் என்ன குறை வச்சேன்?"

சின்னப்பையன் தொண்டையைச் செருமினார்.

"உம்மேல இன்னாமா கோவம் கீது அவருக்கு? அந்தப் பதினாலாம் நம்பர் ரூல எழுதுனதே அவருதாம்மா!"