ஏழு போத்தல்கள்

அன்று வெயிலா மழையா என்று நான் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறேன். என் நினைவை முழுதாக நம்பவேண்டாம். போத்தல்கள் ஏழு என்பது மட்டும் நிச்சயம்.

சூழல் நீதியும் உலகக் குடியுரிமையும். பல்கலைக்கழகத்தில் எங்கள் பாடத்தின் பெயர் அது. படித்தவர்கள் ஏழு பேர். அவரவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் நிரப்பி, ஊர்ப்பெயர் ஒட்டிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் சாருஜா மிஸ்.

அன்று கொழும்பிலிருந்து பேராசிரியர் லெனாட் வந்திருந்தார். ஏழு பேருக்காக ஒரு பாடம் வேண்டுமா என்று அவர்தான் முடிவு சொல்லவேண்டும்.

கிணறுகளில் உப்பு ஏறுவதைத் திரையில் வரைபடங்களாகக் காட்டினோம். அவர் இரண்டு தரம் கொட்டாவி விட்டார். மிஸ்ஸின் முகம் வாடிவிட்டது.

அலுவலக உதவியாளர் ஜெறோம் அண்ணை தேத்தண்ணி கொண்டுவந்தார்.

பேராசிரியர் ஒரு வாய் குடித்தார். கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, சீனியெண்டு உப்பைப் போட்டிட்டீரோ?"

"ஐயோ சேர், பைப்பிலை தண்ணி இல்லை. பிள்ளையள் கொண்டந்த போத்தலிலை ஒண்டை எடுத்துக் கொதிக்க வைச்சனான்."

மிஸ் தலையில் கைவைத்தார். என்னோடு படித்த கோகுலன் மேசைக்குக் கீழே குனிந்து சிரித்தான்.

மேசையில் வைத்திருந்த ஏழில் இல்லாதது என் போத்தல். கடற்கரையோரம், எங்கள் வீட்டுக் கிணறு.

பேராசிரியர் என்னைப் பார்த்தார்.

"உந்தத் தண்ணியையே ஒவ்வொருநாளும் குடிக்கிறனீங்கள்?"

"ஓம் சேர். இன்னும் ரெண்டு கரண்டி சீனி போட்டா அவ்வளவா தெரியாது."

அவர் சிரித்தார். பிறகு கோப்பையை அடிவரை குடித்து வைத்தார்.

"அந்தப் படங்களைத் திருப்பி முதலிலையிருந்து போடுங்கோ."

பாடம் இப்போதும் நடக்கிறது. இந்த வருடம் நாற்பது பேர். சாருஜா மிஸ் கலாநிதிப் பட்டம் முடித்துவிட்டார். கோகுலன் ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறான். பேராசிரியர் ஓய்வுபெற்றுவிட்டார்.

பட்டமளிப்பு அன்று ஜெறோம் அண்ணையிடம் உண்மையைச் சொன்னேன். வகுப்புக்கு முன்னம் என் போத்தலைத் தேத்தண்ணிக் கேத்திலுக்குப் பக்கத்தில் வைத்தது நான்தான், பழி உங்கள்மேல் விழுந்துவிட்டது என்று.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பிள்ளை, அவசரத்திலை நீர் கொண்டந்து வைச்சது கோகுலன்டை அச்சுவேலிப் போத்தலையெல்லோ. நல்ல தண்ணி. நான்தான் உம்மடை போத்தலோடை மாத்தினனான். எங்கடை வீட்டிலையும் உப்புத்தான்."

ஜெறோம் அண்ணை இன்னும் அங்கேதான் தேத்தண்ணி போடுகிறார். எங்கள் கிணறும் அப்படியேதான்.