அரப்பு வாசம்

தக்ஷாயினியின் வாஷிங் மெஷினில் தண்ணீர் வடியவில்லை. உள்ளே படுக்கை விரிப்பு ஒன்று மட்டும் மிதந்தது. பக்கத்து வீட்டு ஜெயராஜா குறட்டோடு வந்தான்.

“சேட்டுத் தெறி, பொத்தான் ஏதும் சிக்கியிருக்கும் அக்கா. கல்லடி ஊரில பாதி மெஷின் என்னாலதான் உயிரோட கிடக்கு.”

“சேட்டுப் போட இந்த வீட்டில இப்ப ஆர் இருக்கா?”

அவன் மெஷினின் அடியைப் பார்க்கக் குனிந்தான். அவளுடைய மகன் நிலோஜன் வாவிக்கு வலை வீசப் போனவன். தோணி மட்டும் கரைக்கு வந்தது. அந்தியேட்டிச் சடங்கைச் செய்துவிடச் சொல்லி உறவுகள் நெருக்கினார்கள். உடம்பைக் காணாமல் செய்யமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

ஜெயராஜா கீழே ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்து, மெஷினின் அடியிலிருந்த மூடியைத் திருகினான். தண்ணீர் மெல்ல வந்தது. அதில் சவர்க்கார வாசம் இல்லை; தலைக்கு வைக்கும் அரப்பின் வாசம்.

“அரப்பா போட்டனீங்க?”

“இல்லையே, தம்பி.”

வடிகட்டியை இழுத்தபோது அதில் ஒரு கறுப்புக் கயிறு சுற்றியிருந்தது. கயிற்றில் வெள்ளித் தாயத்து. நிலோஜனின் இடுப்பில் அவளே கட்டிய அரைஞாண் அது. அன்றைக்கும் அதோடுதான் போனான்.

அவள் அதை வாங்கி முடிச்சைத் தேடினாள். முடிச்சு அவள் போட்டபடியே இருந்தது. பக்கத்தில், பிளேடால் வெட்டியதுபோல, கயிறு நேராக அறுக்கப்பட்டிருந்தது.

ஆண்பிள்ளையின் அரைஞாணைச் செத்தபிறகுதான் அறுப்பார்கள். அறுத்துவிட்டு, அரப்பு வைத்துக் குளிப்பாட்டுவார்கள்.

பேசின் நிரம்பி வழிந்தது. ஜெயராஜா மூடியைப் போட மறந்து நின்றான்.

“ஆர் தம்பி,” என்றாள் அவள், “என்ட புள்ளையக் குளிப்பாட்டினது?”