பக்லஷான்

ரஷ்யாவின் ரஸ்தோவ் நகரத்துக்கு மருமகளாகப் போன செண்பகா, முதல் நாளே சமையலறையில் கத்தரிக்காயைக் காட்டி "பக்லஷான்" என்றாள். சென்னையில் ரஷ்ய மொழி வகுப்பில் படித்த சொல். மாமியார் ரைசா சிரிக்கக்கூட இல்லை. "அது புத்தகத்துப் பேச்சு. இந்த வீட்டில் இது சீனென்கி. குட்டி நீலம்." செண்பகா அப்படிச் சொல்லும்வரை காயை அவள் கையில் கொடுக்கவில்லை. ஒன்பது வருடம் செண்பகா சீனென்கி என்றே சொன்னாள். கணவன் அர்காதி லாரி மோதி இறந்து நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள், ரைசா அவளுடைய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வாசல் கதவருகே வைத்தாள்.

"வீடு என் பேரில் இருக்கிறது. நீ உன் ஊருக்குக் கிளம்பு."

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த செண்பகா நிமிரவில்லை. "பக்லஷான்," என்றாள். "உங்கள் அகராதியை எடுத்துப் பாருங்கள். துருக்கியரிடமிருந்து உங்களுக்கு வந்த சொல். அவர்களுக்குப் பாரசீகத்திலிருந்து. பாரசீகத்துக்கு எங்கள் நாட்டிலிருந்து. அதை யாரும் திருப்பி அனுப்பவில்லை."

ரைசாவின் உதடுகள் வெளுத்தன. "தெரியும். அதனால்தான் நாங்கள் அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை."

செண்பகா அடுப்பைப் பற்றவைத்தாள். எண்ணெய் காய்ந்ததும் துண்டுகளைப் போட்டாள். ரைசா வந்து அடுப்பை அணைத்தாள். செண்பகா மறுபடி பற்றவைத்தாள். ரைசா மறுபடி அணைத்தாள். தீக்குச்சிகள் தீர்ந்துகொண்டிருந்தன. இருவரில் ஒருவரும் சமையலறையை விட்டு நகரவில்லை.